கீமோ எடுக்கும் பிள்ளைக்கு வார்டில் துணையிருப்பது: வேலூர்ப் பக்கத்துப் பெற்றோருக்கு

பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் உட்கார வைத்துச் சொன்ன அன்று, அவர் பேசியதில் பாதி காதில் ஏறியிருக்காது. யாருக்கும் ஏறாது. மறுநாள் ரவுண்ட்ஸில் திரும்பக் கேளுங்கள், அதற்கு மறுநாளும் கேளுங்கள். கேட்பதற்கு முன் கீழே கடைக்குப் போய் 200 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்றும் பேனாவும் வாங்கி, பேனாவை நூல் போட்டு நோட்டோடு கட்டிவிடுங்கள். குழந்தைகளுக்கு அதிகம் வரும் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியாவுக்குச் சிகிச்சை இரண்டு முதல் இரண்டரை வருஷம். அதில் வார்டில் இருக்கும் நாளைவிட வீட்டில் இருக்கும் நாளே அதிகம். டாக்டர் ஒரு நாளில் உங்கள் பிள்ளையைப் பார்ப்பது சில நிமிஷம். சிஸ்டருக்கு ஒரே நேரத்தில் பல படுக்கை. கண்ணை எடுக்காமல் பார்ப்பவர் நீங்கள்தான். நீங்கள் பார்த்து, எழுதி, உடனே சொல்வதும் மருந்தில் ஒரு பங்கு.

நோட்டின் முதல் பக்கத்தில் மாறாதவை: பிள்ளையின் ஆஸ்பத்திரி எண், ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, நோயின் முழுப்பெயர், வார்டு போன் எண். அதற்குக் கீழே பென்சிலில் எடை, உயரம், கடைசி கீமோ தேதி. இவை மாறும்போது அழித்து எழுதலாம். கீமோ அளவு எடை, உயரத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது, அதனால் எடை பார்க்கும் நாளில் செருப்பையும் கனமான துணியையும் கழற்றிவிட்டு நிறுத்துங்கள். அடுத்த பக்கங்களில், இடப் பக்கம் மணி வாரியாகக் காய்ச்சல், குடித்தது, சிறுநீர், மோஷன், வாந்தி. வலப் பக்கம் நீங்கள் கேட்க நினைத்த கேள்வி, வந்த பதில். ரத்தப் பரிசோதனை வந்த அன்று நான்கு எண்ணை மட்டும் எழுதினால் போதும்: ஹீமோகுளோபின், மொத்த வெள்ளை அணு, நியூட்ரோபில் (கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணு), பிளேட்லெட் (ரத்தக் கசிவை நிறுத்தும் அணு). நியூட்ரோபில் 500-க்குக் கீழே இருக்கும் நாட்களைச் சிவப்பில் வட்டம் போடுங்கள். பெரும்பாலான கீமோவுக்குப் பிறகு 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை எண்ணிக்கை அடிமட்டத்தில் இருக்கும். இரண்டு மூன்று சுற்று முடிந்ததும் உங்கள் பிள்ளைக்கு எந்த நாளில் இறங்குகிறது என்று நோட்டே காட்டிவிடும்.

குடித்த அளவை எழுதச் சொன்னால் 'ஒரு டம்ளர்' என்று எழுதாதீர்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளரில் 50 மில்லி சிரிஞ்சால் தண்ணீர் ஊற்றி எத்தனை சிரிஞ்சில் நிரம்புகிறது என்று ஒரு தடவை அளந்து, வெளிப்பக்கம் பிளாஸ்திரி ஒட்டிக் கோடு போட்டுவிடுங்கள். அப்புறம் ஆயா கொடுத்தாலும் அப்பா கொடுத்தாலும் ஒரே கணக்கு. சிறுநீரை அளவு போட்ட ஜாடியில் பிடியுங்கள். டயபர் போடும் குழந்தையென்றால் காய்ந்த டயபரை ஒரு முறை எடை போட்டு வைத்துக்கொண்டு, நனைந்த டயபரின் எடையிலிருந்து கழியுங்கள். ஒரு கிராம் ஒரு மில்லி. 15 கிலோ பிள்ளை 6 மணி நேரத்தில் 90 மில்லிக்கும் குறைவாகப் போனால் ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள்.

கையில் போட்டிருக்கும் வென்ஃப்ளானை, அதாவது மருந்து ஏற்ற நரம்பில் செருகிய ஊசிக்குழாயை, மணிக்கொரு தரம் பாருங்கள். ராத்திரியில் போர்வைக்குள் போன கையை வெளியே எடுத்து, செல்போன் வெளிச்சத்தில் பாருங்கள். வீக்கம், சிவப்பு, தொட்டால் சில்லென்று இருப்பது, பிள்ளை கையை இழுத்துக்கொள்வது, இதில் எது இருந்தாலும் சிஸ்டரை எழுப்பலாம், தயங்க வேண்டாம். வின்கிறிஸ்டின், டானோரூபிசின் போன்ற மருந்துகள் நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும். நீங்களாக ஊசியைப் பிடுங்கவோ, ஐஸ் வைக்கவோ, ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம். ஒரு மருந்துக்கு ஐஸ், இன்னொன்றுக்கு வெந்நீர் ஒத்தடம், மாற்றி வைத்தால் கெடுதல். சாமிக் கயிறு, தாயத்து, வளையல் எதுவும் ஊசி போட்ட கையில் இருக்கக் கூடாது. கை வீங்கும்போது கயிறு சதையில் ஆழ்ந்து இறுக்கும், ஈரத்தில் கிருமியும் தங்கும். அவிழ்த்துத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம்.

டானோரூபிசின், டாக்ஸோரூபிசின் ஏறிய பிறகு ஒன்றிரண்டு நாள் சிறுநீர் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ போகும். அது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம். சைக்ளோஃபாஸ்ஃபமைடு ஏறிய பிறகு சிவப்பாகப் போனால் அது வேறு. அது ரத்தமாக இருக்கலாம், உடனே சொல்ல வேண்டும். எந்த மருந்து ஏறுகிறது என்று பெயர் கேட்டு எழுதி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எலும்பு மஜ்ஜை எடுப்பதற்கும் முதுகுத்தண்டில் ஊசி போடுவதற்கும் மயக்க மருந்து கொடுப்பார்கள். அதற்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும்: பொதுவாகச் சாப்பாடும் பாலும் 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம். உங்கள் வார்டில் சொல்லும் நேரமே இறுதி. பிள்ளை பசியில் அழுகிறது என்று ஒரு பிஸ்கட்டைக் கையில் கொடுத்துவிட்டு வெளியே சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து. மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கும். கொடுத்துவிட்டீர்களா, சொல்லிவிடுங்கள். ஊசி ஒரு நாள் தள்ளிப் போவதோடு முடியும். பிள்ளையிடம் 'ஊசி போட மாட்டாங்க' என்று பொய் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். ஒரு தடவை ஏமாந்த பிள்ளை அப்புறம் எடை பார்க்கும் மெஷினைக் கண்டாலும் அலறும். 'குத்தும், பத்து எண்ணி முடிக்கறதுக்குள்ள முடிஞ்சிடும், அம்மா கையைப் பிடிச்சிக்கிறேன்' என்று சொல்லுங்கள், சொன்னபடி எண்ணுங்கள். கையில் ஊசி குத்தும்போது படுக்கவைத்து நாலு பேர் அமுக்குவதைவிட, மடியில் நெஞ்சோடு அணைத்து உட்காரவைத்தால் பெரும்பாலான சின்னப் பிள்ளைகள் குறைவாகத் திமிறும். மரத்துப்போகும் களிம்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். குத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும்.

இனி காய்ச்சல். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நம் ஊரில் சித்திரை, வைகாசி வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு 'சூட்டு உடம்பு, வெயில்ல வந்தது' என்று சொல்லி இளநீர் கொடுத்து, உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்துக் காத்திருப்பது நமக்குப் பழக்கம். மற்றப் பிள்ளைகளுக்கு அது பரவாயில்லை. நியூட்ரோபில் இல்லாத பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பில் உயிர் போகலாம். சண்டை போட வெள்ளை அணு இல்லாததால் சீழ் பிடிக்காது, சளி கட்டாது, காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறி. ரத்தத்தில் கிருமி பெருகினால் சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். ஆஸ்பத்திரிக்குள் வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. உங்கள் கணக்கு அதைவிட இறுக்கமாக இருக்கட்டும்.

கையால் தொட்டுப் பார்ப்பது கணக்கில்லை. டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்குங்கள், ஒன்று பேட்டரி தீர்ந்துபோகும். வெயிலில் வந்திருந்தால் பத்து நிமிஷம் நிழலில் உட்காரவைத்துவிட்டு, அக்குளைத் துடைத்து, முனை சதையோடு ஒட்டும்படி வைத்துக் கையை அணைத்துப் பிடியுங்கள், பீப் வரும் வரை. வாயிலோ காதிலோ பார்ப்பதைவிட அக்குளில் ஒரு டிகிரி வரை குறைத்தே காட்டும். எத்தனை டிகிரி தாண்டினால் கூப்பிட வேண்டும் என்று வார்டில் உங்களுக்கு ஓர் எண் சொல்லியிருந்தால் அதுவே எண். சொல்லவில்லை என்றால் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட். அக்குளில் 100 காட்டினாலே போன் போட்டுவிடுங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கவே கூடாது. எனிமாவும் அப்படித்தான், ஆசனவாயில் வைக்கும் மாத்திரையும் அப்படித்தான். அங்கே ஏற்படும் சின்னக் கீறல் வழியாகக் குடல் கிருமி ரத்தத்துக்குள் போகும்.

எண் தாண்டியதும் பாரசிட்டமால் கொடுக்கத்தான் கை போகும். கொடுக்காதீர்கள், முதலில் போன். பாரசிட்டமால் காய்ச்சலை மறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நினைத்து ஒரு ராத்திரியை விட்டுவிடுவீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எப்போதுமே வேண்டாம், பிளேட்லெட் குறைந்த பிள்ளைக்கு அவை ரத்தக் கசிவைக் கூட்டும். தெருக்கோடிக் கிளினிக்கில் இடுப்பில் ஓர் ஊசி போட்டுக்கொண்டு போகலாம் என்பதும் வேண்டாம். பிளேட்லெட் இல்லாதபோது சதையில் போட்ட ஊசி உள்ளேயே ரத்தம் கட்டும்.

போனில் சொல்ல வேண்டியதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், பதற்றத்தில் வாய் வராது: 'கீமோ எடுக்கிற பிள்ளை. கடைசி கீமோ போன செவ்வாய்க்கிழமை. நியூட்ரோபில் கடைசியா 300. இப்ப காய்ச்சல் 101. குடியாத்தத்திலிருந்து கிளம்பறோம்.' எமர்ஜென்சி வாசலிலும் இதே வாக்கியம்தான். டோக்கன் வரிசையில் நிற்க வேண்டாம், முதலில் கண்ணில் படும் சிஸ்டரிடம் 'கீமோ பிள்ளை, காய்ச்சல்' என்ற சொற்களைச் சொல்லுங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 108.

மூன்று இடத்தில் தெர்மாமீட்டரை நம்ப முடியாது. பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்துகள் சாப்பிடும் வாரங்களில் கிருமி இருந்தும் காய்ச்சல் ஏறாமல் இருக்கும். பிள்ளை சோர்ந்து, கை கால் சில்லிட்டு, மூச்சு வேகமாக இருந்தால் 98 காட்டினாலும் கிளம்புங்கள். இரண்டாவது, மருந்து ஏற்றும் குழாய், நெஞ்சில் போர்ட்டாகவோ கையில் பிக் லைனாகவோ இருக்கும் பிள்ளைக்கு அதைக் கழுவிவிட்ட அரை மணி, ஒரு மணியில் உடம்பு தூக்கிப்போட்டு நடுங்கினால் கிருமி குழாயிலேயே இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். மூன்றாவது, வயிற்று வலி. ஆஸ்பராஜினேஸ் ஊசி போட்டிருக்கும் காலத்தில் மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் போகும் வலி கணையத்தில் வீக்கமாக இருக்கலாம். ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கும் வலி அல்ல அது.

அம்மையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தெருவில் ஒரு வீட்டுக்கு அம்மா வார்த்திருந்தால் வேப்பிலை கட்டி, வெளியே சொல்லாமல் இருப்பது மரியாதை. அந்த மரியாதை அப்படியே இருக்கட்டும். ஆனால் உங்கள் பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளையோடு ஒரே அறையில் இருந்திருந்தால் அன்றைக்கே வார்டுக்குச் சொல்லுங்கள், கொப்புளம் வரட்டும் என்று பார்க்காதீர்கள். அம்மை வராமல் தடுக்கக் கொடுக்கும் மருந்து, தொடர்பு ஏற்பட்ட 96 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாகப் பலன் தரும். கீமோ பிள்ளைக்கு அம்மை நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் இறங்கும். பிள்ளைக்குத் தடுப்பூசி எதுவும் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். வீட்டிலுள்ள தம்பி தங்கைக்குப் போலியோ சொட்டு மருந்து முகாம் வரும்போதும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரையில் நடக்கும் தவறுகளில் மிகக் கொடியது ஒன்று இருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். மெர்காப்டோப்யூரின் தினமும். இரண்டும் சின்ன மாத்திரை, இரண்டும் ஒரே கவரில் வரும். மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் கொடுத்துவிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, அணுக்கள் மொத்தமாக விழுந்து, பிள்ளையைக் காப்பாற்றுவதே கஷ்டமாகிவிடும். கடையிலிருந்து வந்த உடனே மெத்தோட்ரெக்ஸேட் அட்டையைப் பிரித்துத் தனி டப்பாவில் போட்டு, மூடியில் 'வியாழன் மட்டும்' என்று கிழமை எழுதி ஒட்டுங்கள். படிக்கத் தெரியாத ஆயா மாத்திரை கொடுப்பவராக இருந்தால் டப்பாவின் நிறத்தால் பிரியுங்கள், அந்த டப்பாவை மட்டும் நீங்களே கையில் வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்ததும் காலண்டரில் அந்தத் தேதியைச் சுழியுங்கள். மெர்காப்டோப்யூரினை ஐந்து நாள் ஒன்று, இரண்டு நாள் அரை என்று எழுதியிருந்தால் எந்த இரண்டு நாள் என்று நீங்களே முடிவு செய்து காலண்டரில் குறித்துவிடுங்கள். கோ-ட்ரைமாக்ஸசோல் வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் என்றாலும் விடக் கூடாது, ஒரு வகை நிமோனியா வராமல் தடுப்பது அது.

கீமோ மாத்திரையை அம்மியிலோ சமையல் உரலிலோ பொடிக்காதீர்கள். கையுறை போட்டு, மாத்திரையை 10 மில்லி சிரிஞ்சுக்குள் போட்டு, 5 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் உறிஞ்சி, முனையை மூடிக் குலுக்கினால் சில நிமிஷத்தில் கரையும். அப்படியே வாயோரம் விட்டு, இன்னும் கொஞ்சம் தண்ணீர் உறிஞ்சி மிச்சத்தையும் கொடுங்கள். கர்ப்பிணிகள் தொடக் கூடாது. வாந்தி எடுத்துவிட்டால் எத்தனை நிமிஷத்தில் எடுத்தது, மாத்திரை தெரிந்ததா என்று பார்த்துப் போனில் கேளுங்கள். நீங்களாக இன்னொன்று கொடுக்க வேண்டாம்.

வின்கிறிஸ்டினுக்குப் பிறகு தாடை வலி, மலச்சிக்கல், நடக்கும்போது பாதம் தொப்பென்று விழுவது வரலாம். மூன்று நாள் மோஷன் போகவில்லை என்று சொல்லும் நிலைக்கு விடாமல் இரண்டாம் நாளே சொல்லுங்கள்.

ஸ்டீராய்டு வாரங்களில் பிள்ளை நடு ராத்திரி எழுந்து சோறு கேட்கும், கிடைக்காவிட்டால் அடிக்கும், கடிக்கும். மருந்து செய்யும் வேலை அது, பிள்ளையின் குணம் மாறிவிடவில்லை. ஆம்பூர் பிரியாணி கேட்டால் வீட்டில் செய்து சூடாகக் கொடுக்கலாம், கடைப் பொட்டலம் வேண்டாம். ஆற்காடு மக்கன் பேடாவை அந்த வாரங்களில் தள்ளிப்போடுங்கள், சர்க்கரை ஏறும். உணவில் விதி ஒன்றுதான்: அன்று சமைத்தது, நன்றாக வெந்தது, இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுவது. அவித்த முட்டை சரி, அரைவேக்காடு ஆகாது. வாழைப்பழம், சாத்துக்குடி போலத் தோல் உரிக்கும் பழம், கை கழுவிவிட்டு உரித்தது. திராட்சை, தெருவில் நறுக்கி வைத்த பப்பாளி, மோர்ப் பந்தல் மோர் ஆகாது. ஆடி மாதக் கூழும் கோவில் தீர்த்தமும் பிள்ளைக்கு வேண்டாம், நீங்கள் வாங்கிக் குடித்துப் பிள்ளைக்கு நெற்றியில் திருநீறோ குங்குமமோ வையுங்கள். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு மாதிரியான கூட்டத்துக்குச் சிவப்பு வட்டம் போட்ட நாட்களில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 20 லிட்டர் கேன் தண்ணீரையும் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

வாய்க்கு: 200 மில்லி ஆறிய வெந்நீரில் கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் சமையல் சோடா. சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்னும் கொப்பளித்துத் துப்பட்டும். துப்பத் தெரியாத குழந்தைக்குக் காஸ் துணியை நனைத்துத் துடையுங்கள். தினமும் புதிதாகக் கலக்குங்கள். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பார்க்கவிடாமல் முன்பக்கம் குனியவைத்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் விட்டுப் பார்த்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

ரத்தம் கொடுப்பவர்களை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். பிளேட்லெட்டை 5 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, அதனால் அது கேட்ட அன்று ஆள் வேண்டும். மெஷினில் ஒருவரிடமிருந்தே பிளேட்லெட் எடுப்பதற்கு 50 கிலோவுக்கு மேல் எடை, நல்ல நரம்பு, மூன்று நாளாக ஆஸ்பிரின் சாப்பிடாமல் இருப்பது முக்கியம். ஊர்ப் பையன்கள் பத்துப் பேரின் பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும். அப்பா அம்மாவும் கூடப்பிறந்தவர்களும் கொடுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். பின்னால் எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்பட்டால் வீட்டாரின் ரத்தம் ஏற்றியது இடைஞ்சலாகலாம். வேலூர் சி.எம்.சி.யில் அந்தச் சிகிச்சை 1986 முதல் நடக்கிறது, தூர மாநிலத்திலிருந்தெல்லாம் ஜனம் வருவது இதற்காகவும்தான். ரத்தம் ஏறத் தொடங்கிய முதல் 15 நிமிஷம் பக்கத்தை விட்டு நகராதீர்கள்: நடுக்கம், தடிப்பு, முதுகு வலி, மூச்சு முட்டல் வந்தால் உடனே கூப்பிடுங்கள்.

பணத்துக்கு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் முதல் வாரத்திலேயே ஒருவரைக் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்புங்கள். வேலூர்க்காரர்களுக்குச் சத்துவாச்சாரி. 2019-இல் பிரிந்த ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டத்தார் அவரவர் கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்பது வரம்பு. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சேர்ந்திருக்கும் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் கேளுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அந்த மேசை உண்டு.

துணைக்கு இருப்பவர் மாறும்போது வாய்ப்பேச்சு போதாது, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்றைச் சொல்லுங்கள்: கடைசியாகக் காய்ச்சல் பார்த்தது எப்போது, கடைசி மருந்து எப்போது, எந்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கிறோம். ஆம்பூர்த் தோல் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வரும் அப்பா முதலில் குளித்துத் துணி மாற்றட்டும். சளி இருப்பவர் அன்று வர வேண்டாம், சொந்தத் தாய்மாமனே ஆனாலும். ஒருவரே பத்து ராத்திரி முழித்திருந்தால் பதினோராம் ராத்திரி மாத்திரை மாறும். அதனால் தூங்குவதையும் முறை போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் கிளம்பும் முன் கேட்க வேண்டியவை: ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் எந்த எண், எந்த வாசல்? 2022-இல் ராணிப்பேட்டை வளாகம் திறந்த பிறகு சி.எம்.சி. பிள்ளைகள் ஊருக்குள் வர வேண்டுமா, அங்கே போக வேண்டுமா என்பதையும் கேட்டே தீர வேண்டும். ஜமுனாமரத்தூர், ஒடுகத்தூர் பக்கம் மலை கிராமத்துக்காரர்கள், எண்ணிக்கை இறங்கும் அந்த ஒரு வாரத்துக்கு மட்டுமாவது வேலூரில் தங்கிவிடுவது நல்லது. காந்தி ரோடு, சைதாப்பேட்டைப் பக்கம் சமைத்துக்கொள்ள வசதியுள்ள அறைகள் உண்டு. வெள்ளை அணுவுக்கான ஃபில்கிராஸ்டிம் ஊசியை வீட்டில் போடச் சொல்லிக் கொடுத்திருந்தால், பஸ்ஸில் கொண்டுபோக வாயகன்ற பிளாஸ்க் எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஐஸ், அதன் மேல் மடித்த துணி, அதன் மேல் ஊசி. ஐஸ் நேராகத் தொட்டால் மருந்து உறைந்து வீணாகும். வீட்டில் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள், கதவிலும் வேண்டாம், ஃப்ரீசரிலும் வேண்டாம். கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விட்டுவிட்டு, எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று நோட்டில் எழுதி, அடுத்த ஊசிக்கு முன் வார்டுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.